பூனைக்குத் துக்கம் உண்டா? பழைய கோப்பும் பசியாவரத்துக் கடுவனும்

நாய் ஆளை நம்பி இருக்கும், பூனை வீட்டை நம்பி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்காரர் எங்கே போனாலும் நாய் பின்னாலேயே போகும். பூனை அடுப்படியிலேயே உட்கார்ந்து, அடுத்துக் குடிவருகிறவரிடம் சோறு கேட்கும் என்பது அதன் பொருள். அப்படியானால் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பூனைக்கு ஒன்றும் தோன்றாதா? கூடவே வளர்ந்த இன்னொரு பூனை செத்துப்போனால்? தானே நோயில் விழுந்தால் அதன் மனம் என்ன ஆகும்? மனம் என்று ஒன்று இருந்தால்தானே இந்தக் கேள்வியே வரும் என்று சிரிப்பவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு பசியாவரத்தில் ஒரு வீட்டில் இது பெரிய வழக்காகவே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் 35 வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எந்த மனு வந்தாலும் முதலில் பழைய கோப்பைத் தேடத்தான் தோன்றும். பூனைக்கும் துக்கம் உண்டா என்ற மனுவுக்கு உள்ள பழைய கோப்பு மிகப் பெரியது. அதில் சில தாள்களை மட்டும் உங்களுக்குப் புரட்டிக் காட்டுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வரும் வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் தெகார்த் என்ற பெயரைக் கேட்காமல் யாரும் வெளியே வர முடியாது. ஆங்கில வழியில் படித்தவர்கள் டெஸ்கார்ட்டஸ் என்பார்கள். ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்றவர் அவர்தான். விலங்குகளுக்குச் சிந்தனை கிடையாது, அவை கடிகாரம் போல மிக நுட்பமாகச் செய்யப்பட்ட இயந்திரங்கள் என்று எழுதியவரும் அவர்தான். கடிகாரம் மணி அடிப்பதைப் போல விலங்கு கத்துகிறது; உள்ளே நினைக்கிறவர் யாரும் இல்லை என்பது அவர் கட்சி.

இதில் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. தெகார்த் பிரெஞ்சுக்காரர் என்றாலும் அந்த நூலை அவர் 1637இல் வெளியிட்டது ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில். அந்தச் சமயத்தில் அதே ஹாலந்துக்காரர்கள் நம் பழவேற்காட்டில் இருந்தார்கள். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதையே தலைமையிடமாக வைத்துத் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். 1690இல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. மண்டையோடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மீன் பிடிக்கிற ஊரில் பூனை இல்லாமலா இருந்திருக்கும்? லெய்டனில் பூனை இயந்திரம் என்று அச்சடித்துக்கொண்டிருந்த நாளில், பழவேற்காட்டுக் கரையில் பூனைகள் வலை காயும் இடத்தில் உட்கார்ந்து மடவைத் தலைக்குக் காத்திருந்திருக்கும்.

தெகார்த்துக்கு முன்பே பிரான்சில் வேறு மாதிரி நினைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் மொந்தேன். 1580இல் முதலில் வெளியான தம் கட்டுரை நூலில், நாம் பூனையை வைத்து விளையாடுகிறோமா, பூனை நம்மை வைத்து விளையாடுகிறதா என்ற சந்தேகத்தை எழுப்பினார். தெகார்த்துக்குப் பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. நாங்கள் சிறு வயதில் மனப்பாடம் செய்த நீதிக்கதைப் பாடல்களை எழுதிய லா ஃபோந்தேன், 1679இல் வெளிவந்த நீண்ட பாட்டு ஒன்றில் விலங்கு இயந்திரம் என்ற கொள்கையை மறுத்தார். வொல்தேர் 1764இல் வெளியிட்ட தத்துவ அகராதியில் இன்னும் கோபமாகக் கேட்டார். எசமானைக் காணாமல் வீடெல்லாம் தேடி, அழுதபடி ஏறி இறங்கி, கடைசியில் அவரைக் கண்டதும் துள்ளுகிற நாயைக் காட்டி, இதற்கு உணர்ச்சி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்.

கவனியுங்கள், வொல்தேர் சாட்சிக்கு அழைத்தது நாயை. பூனையை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. இயற்கை வரலாறு எழுதிய புஃபோன் 1756இல் பூனையைப் பற்றி எழுதும்போது, அது விசுவாசம் இல்லாத வேலைக்காரன், எலித் தொல்லைக்காக வேறு வழியின்றி வைத்துக்கொள்கிறோம் என்ற தொனியில்தான் எழுதினார். நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன ‘வீட்டை நம்பும் பூனை’யும் புஃபோனின் பூனையும் ஒன்றுதான். பூனைக்குத் துக்கம் உண்டா என்ற கேள்வி இவ்வளவு தாமதமாக வந்ததற்கு இந்தக் கெட்ட பெயரும் ஒரு காரணம்.

இனி நம் பக்கத்துக் கோப்பு. பணி ஓய்வுக்குப் பிறகு பழந்தமிழ் நூல்களை உரையோடு மெல்ல மெல்லப் படித்து வருகிறேன். விலங்கின் துக்கத்தை ஒப்புக்கொள்வதில் தமிழுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. குறுந்தொகையில் 69ஆம் பாட்டில், துணையான ஆண் குரங்கு இறந்ததும், பெண் குரங்கு இன்னும் மரம் ஏறக்கூடத் தெரியாத தன் குட்டியைச் சுற்றத்திடம் விட்டுவிட்டு மலையிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. திருவாரூரில் கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததையும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதையும் பாடப் புத்தகத்தில் படிக்காதவர் கிடையாது. பசு அழுதது உண்மையா என்று அந்தச் சபையில் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. தாய்க்குத் துக்கம் இருக்கும் என்பதை எல்லோரும் எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள்.

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. ஆறாவது அறிவு மனம். அது மனிதருக்கு உரியது. ஆனால் விலங்கிலும் சில அந்த வகையில் சேரும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு உதாரணமாகக் கிளியையும் குரங்கையும் யானையையும் உரையில் காட்டுகிறார்கள். பூனைக்கு அங்கேயும் இடம் கிடைக்கவில்லை. நம் கலையிலும் இலக்கியத்திலும் பூனைக்குக் கிடைத்த வேடம் வேறு. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தில் எலிகளை ஏமாற்றத் தவம் செய்கிறது. கம்பர் அவையடக்கத்தில் பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்படுகிறது. கள்ளத் தவசியாகவும் பேராசைக்காரனாகவும் நடிக்க விட்டார்களே தவிர, அழ விடவில்லை.

பூனைக்காக மனிதன் துக்கம் காத்த சான்றுகளோ மிகப் பழையவை. எகிப்தில் ஒரு வீட்டில் பூனை இயற்கையாக இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதைவிட மிகப் பழையது சைப்ரஸ் தீவில் கிடைத்தது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-தெனி வீஞ் குழுவினர் 2004இல் அறிவித்த புதைகுழி அது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைத்த ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி, தனிக் குழியில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூடு. அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆக, மனிதன் பூனைக்குத் துக்கம் காத்தது கோப்பில் ஏறியிருக்கிறது. பூனை மனிதனுக்குக் காத்ததா என்பதற்கு அண்மைக் காலம் வரை ஒரு தாளும் இல்லை.

இந்த இடத்தில் உங்களை ஜப்பானுக்கு அழைத்துப்போக வேண்டும். காரணம், பூனை நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்து அதன் மனதைப் படிக்கும்போது எவ்வளவு ஜாக்கிரதை தேவை என்பதற்கு நம்மைப் போன்ற ஒரு மீனவர் கடற்கரைதான் சாட்சி.

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் மினமாட்டா என்ற ஊர். சுற்றிலும் மீனவக் கிராமங்கள். 1950களின் முதல் பாதியில் அங்கே பூனைகளின் நடவடிக்கை மாறியது. தள்ளாடின, சுற்றிச் சுற்றி வந்தன, திடீரென்று துள்ளிச் சுவரில் மோதின, சில கடலில் விழுந்து செத்தன. பூனைகள் ஆடுகின்றன என்றார்கள் சிலர். பூனைகள் தற்கொலை செய்துகொள்கின்றன என்றார்கள் வேறு சிலர். 1954இல் ஒரு கிராமத்தில் பூனைகள் அநேகமாக அற்றுப்போய், எலித் தொல்லை தாங்கவில்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. 1956இல் அதே அறிகுறிகளோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தபோதுதான் பூனைகளுக்கு வந்தது என்ன என்று ஊர் திரும்பிப் பார்த்தது.

அது சித்தப் பிரமையும் இல்லை, தற்கொலையும் இல்லை. சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம் மீனுக்குப் போய், மீனிலிருந்து பூனைக்கும் மனிதனுக்கும் வந்து, மூளையைத் தாக்கியிருந்தது. அந்தத் தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த டாக்டர் ஹொசோகாவா, 1959இல் ஒரு பூனைக்குத் தொழிற்சாலைக் கழிவைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் பூனை என்று அதற்குப் பெயர். சில மாதத்தில் அதற்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை கடலில் போய்க்கொண்டே இருந்தது. 1970இல் புற்றுநோயோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அந்த டாக்டர் சாட்சி சொன்னார். அதே ஆண்டு காலமானார். 1973இல் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

பூனை நாம் சாப்பிடுகிற மீனைத்தான் சாப்பிடுகிறது, அதுவும் தலையும் குடலுமாகச் சாப்பிடுகிறது. அதன் நடத்தை மாறும்போது, பாவம் அதற்கு ஏதோ மனக்கஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிட்டால், உடம்பில் இருக்கிற நோய் நம் கண்ணில் படாமலே போகும். மினமாட்டாவில் அப்படித்தான் இரண்டு, மூன்று வருடம் வீணாகப் போயிற்று.

இப்போது பசியாவரம். பொன்னேரிப் பக்கம் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த ஊரை அறிவேன். ஏரிக்கு நடுவில் தீவு போல இருப்பதால் எங்கள் காலத்தில் எதற்கும் படகுதான். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், ஏரியில் பாடு இறங்கி 50 வருடம் தொழில் செய்தவர், சென்ற ஆண்டு காலமானார். அவரிடம் ஒரு செவலைக் கடுவன் இருந்தது. அவர் கரை ஏறும்போது அது படகடிக்கு வந்து நிற்கும். வலையிலிருந்து முதல் மீனை அதற்கு வீசிவிட்டுத்தான் அவர் மற்ற மீனைக் கூடையில் போடுவார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

காரியத்துக்கு முதல் நாள் விசாரிக்கப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். கடுவன் மடித்துப் போட்ட வலை மேல் சுருண்டு கிடந்தது. முன்னால் வைத்த மீன் காய்ந்துபோயிருந்தது.

“நாலு நாளா மீன மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது ஐயா. பூனைக்குக்கூட மனசு ஒடிஞ்சு போவுமா?” என்றார்.

பக்கத்திலிருந்த உறவுக்காரர் ஒருவர், “அது எசமான் கூடவே போயிடணும்னு இருக்குது. விட்டுடுங்க, தொந்தரவு பண்ணாதீங்க” என்றார். மூத்த மகனுக்கு வேறு யோசனை. சாவு வீட்டில் இப்படிப் பூனை கிடப்பது நல்லதில்லை, கோணியில் கட்டி அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான். மூன்றாவதாக, பழவேற்காட்டில் படிக்கிற பேத்தி, “டாக்டர் கிட்ட காட்டலாம் தாத்தா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பேத்தி கட்சிக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். மகன் முனகிக்கொண்டே படகை எடுத்தான். கால்நடை மருத்துவர் பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஈறெல்லாம் சிவந்து புண். கடைவாய்ப் பல் ஒன்றின் அடியில் சீழ். மீன் வாசனைக்கு ஆசை இருந்தாலும் கடிக்க முடியாது என்றார். இன்னும் இரண்டு நாள் பட்டினி கிடந்திருந்தால் ஈரல் கெட்டிருக்கும் என்றும் சொன்னார். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படியும். கொழுத்த பூனைக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

“அப்போ துக்கம் இல்லையா டாக்டர்?” என்று அந்த அம்மா கேட்டார். ஒரு மாதிரி ஏமாற்றம் அந்தக் குரலில். மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “இந்தப் புண் ரொம்ப நாளா இருந்திருக்கும்மா. வீட்ல இவ்வளவு நடந்ததுல அது கிளம்பியிருக்கலாம். ரெண்டும் சேர்ந்து வர்றது உண்டு” என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை என்று தெரிந்தது.

நோயில் விழுந்த விலங்கு ஏன் சுருண்டு படுக்கிறது, ஏன் சாப்பாட்டை வெறுக்கிறது, ஏன் மேனியைச் சுத்தம் செய்வதை நிறுத்துகிறது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988இல் விளக்கினார். கிருமியோடு போராட உடம்பு காய்ச்சலைக் கூட்டுகிறது. அதற்கு நிறையச் சக்தி வேண்டும். அதனால் ஓட்டம், விளையாட்டு, பசி எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு ஒடுங்குகிறது. வருமானம் குறைந்த மாதத்தில் நாம் செலவைச் சுருக்குவது போலத்தான். ஒடுங்கிக் கிடப்பது நோய் தருகிற பலவீனம் மட்டும் அல்ல, பிழைப்பதற்கான ஓர் ஏற்பாடும்கூட.

இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனவர் பிரான்சில் போர்தோ நகரில் பல காலம் ஆராய்ச்சி செய்த ரொபேர் தான்ட்ஸேர். அவரும் கால்நடை மருத்துவம் படித்தவர். நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன் என்ற பொருள்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை அதைக் கேட்டு உடம்பை ஒடுக்குகிறது. அந்த நிலை நீடித்தால் மனச்சோர்வு நோயை ஒத்த நிலைக்கு அது கொண்டுபோய்விடும் என்பதை அவரும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியான கட்டுரையில் விரிவாக எழுதினார்கள். மனிதருக்கும் இது பொருந்தும். சிக்குன்குனியா வந்து எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூட்டு வலி ஒரு பக்கம், காரணமே இல்லாமல் அழுகை வந்த நாள்கள் ஒரு பக்கம் என்பார்கள். உடம்பும் மனமும் தனித்தனிக் கட்டடம் என்று தெகார்த் போட்ட தடுப்புச் சுவரை அவர் தேசத்து விஞ்ஞானியே இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்திருக்கிறார்.

எதிர்த் திசையிலும் வழி திறந்தே இருக்கிறது. மனம் கலங்கினால் பூனைக்கு உடம்பு கெடும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெல்லா, பஃபிங்டன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. 32 பூனைகளை 77 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். 20 பூனைகளுக்கு நீண்டகால மூத்திரப்பை நோய். 12 பூனைகள் ஆரோக்கியமானவை. யாரும் அவற்றை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தினமும் பார்த்துக்கொள்கிற ஆள் மாறினார், தீனி வைக்கிற நேரம் மாறியது, இந்த மாதிரிச் சங்கதிகள்தான். அந்த வாரங்களில் ஆரோக்கியமான பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, கண்ட இடத்தில் அசுத்தம் செய்தன. ஆள் மாறினதற்கே இந்தப் பாடு என்றால், தினமும் கரையில் மீன் வீசிய கை ஒரேயடியாக நின்றுபோனதை அந்தக் கடுவனின் உடம்பு எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று யோசியுங்கள்.

இழப்பைப் பற்றியே நேராகக் கேட்ட ஆய்வுகளும் உண்டு. 2016இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ப்பவர்களைக் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். கூட வாழ்ந்த இன்னொரு பிராணி இறந்தபின் 159 நாய்களும் 152 பூனைகளும் எப்படி நடந்துகொண்டன என்பது கேள்வி. பூனைகள் நாய்களுக்குக் குறைவாக மாறவில்லை. வளர்ப்பவரை அதிகம் ஒட்டிக்கொண்டன, இறந்த பிராணி படுக்கும் இடத்தைத் தேடிப் போயின, அதிகம் கத்தின. 2024இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஓக்லாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டனி கிரீன், ஜெனிஃபர் வோங்க் இருவரும் 400க்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களைக் கேட்டார்கள். கூட இருந்த பிராணி இறந்தபின் பூனைகள் சாப்பாடும் தூக்கமும் விளையாட்டும் குறைந்து, ஒளிந்துகொண்டு, போனதைத் தேடுவது போல நடந்துகொண்டன என்று பதில் வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு தகவல், அதை மறைக்கக் கூடாது. எந்த வீட்டில் மனிதரின் துக்கம் அதிகமோ, அந்த வீட்டில்தான் பூனையிடம் சில மாற்றங்கள் அதிகம் என்று பதிலில் எழுதியிருந்தார்கள். இதற்கு இரண்டு அர்த்தம் எடுக்கலாம். மனிதரின் அழுகை பூனையைத் தொற்றியிருக்கலாம். அல்லது அழுகிறவர் தன் அழுகையைப் பூனையின் முகத்தில் பார்த்திருக்கலாம். வலை மேல் சுருண்டு கிடந்த கடுவனைப் பார்த்து அந்த அம்மா கேட்ட கேள்வியில் பாதி தன்னைப் பற்றியது என்று எனக்கு அன்றே தோன்றியது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற நேரத்தில் அந்த இரண்டு துக்கத்தையும் தனித்தனியாக வைக்கத் தெரிய வேண்டும்.

பூனை ஆளை நம்பாது என்ற பழமொழிக்கும் இப்போது பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலே குழுவினர் 2019இல் பூனைக்குட்டிகளைப் பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு விட்டு, வளர்ப்பவர் வெளியே போய்த் திரும்பி வரும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்கிற சோதனையை ஒட்டியதுதான் இதுவும். சுமார் 64 சதவீதக் குட்டிகள் வளர்ப்பவர் திரும்பியதும் தைரியம் அடைந்து, அவரிடம் வந்துவிட்டு, மறுபடி விளையாடப் போயின. குழந்தைகளிடமும் ஏறக்குறைய அதே அளவுதான் காணப்படுகிறது. புஃபோனின் விசுவாசமற்ற வேலைக்காரன் மீதிருந்த குற்றச்சாட்டு 263 வருடம் கழித்துத் தள்ளுபடி ஆயிற்று.

அப்படியானால் பூனைக்கு மனச்சோர்வு நோய் உண்டு என்று முத்திரை குத்தி விடலாமா? மனிதரிடம் அந்த நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் முக்கியமாக நம்புவது நோயாளியின் வாய்ச்சொல்லை. வாழ்வில் பிடிப்பில்லை, நாளை என்று ஒன்று தெரியவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். பூனை அதைச் சொல்லாது. கால்நடை மருத்துவர் ஆங்கிலத்தில் ‘டிப்ரெஸ்டு’ என்று எழுதினால், அதற்குச் சுறுசுறுப்பு இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதுதான் பொருள். மனதைப் பற்றிய தீர்ப்பு இல்லை. ஆகவே கோப்பில் நான் இப்படி எழுதுவேன்: இழப்பில் பூனை மாறுகிறது, நோயிலும் மாறுகிறது, இரண்டிலும் மாற்றத்தின் தோற்றம் ஒன்றே, ஒன்று மற்றொன்றைக் கிளப்பவும் செய்கிறது. பெயர் எதுவானாலும் அது படுகிற துன்பம் உண்மை.

சட்டம்கூடப் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. நம் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியால் உருவான பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதில் வலி என்ற சொல்லோடு துன்பம் என்ற சொல்லும் இருக்கிறது. சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். வாரியம் பல காலம் சென்னையில்தான் இருந்தது. பட்டினியும் தாகமும் வரும் என்று தெரிந்தும் ஒரு பிராணியைக் கொண்டுபோய் விட்டுவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். கோணியில் கட்டி அக்கரையில் விடுவது அதில்தான் வரும். இதை அந்த மகனிடம் சொன்னபோது, “இதுக்கெல்லாமா ஐயா சட்டம் இருக்குது?” என்று சிரித்தான். சிரித்தாலும் கோணியை எடுக்கவில்லை. பல்லைப் பிடுங்கி, மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் கடுவன் அரைத்த மீனை நக்கியது. அந்த அம்மா எனக்குப் போன் செய்து அதைத்தான் முதலில் சொன்னார்.

பூனை வளர்க்கிற நண்பர்களுக்கு, குறிப்பாக நம் வயதுக்காரர்களுக்கு, சில வார்த்தைகள். மீனுக்கு ஓடி வருகிற பூனை ஒரு நாள் முழுவதும் மீனைத் தொடவில்லை என்றால், துக்கமா நோயா என்று திண்ணையில் வாதம் செய்ய வேண்டாம்; மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். மேனியை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தினாலும், ஒளிந்தே கிடந்தாலும், மூத்திரம் போக முக்கினாலும் அப்படியே. நமக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் மாத்திரையை இரக்கப்பட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னபின், சாவு நடந்த வீடானால், தீனி வைக்கிற நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். போனவருடைய துணி ஒன்று, பாய் ஒன்று பழைய இடத்திலேயே கொஞ்ச நாள் கிடக்கட்டும். அது ஒளிந்திருந்தால் இழுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அதற்கு மேல் பெரிய வைத்தியம் இல்லை. மனிதருக்கும் அந்த நாள்களில் ஏறக்குறைய இதே வைத்தியம்தான்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான். நம்மில் பலருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பூனை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம்கூட வாழும். வீடு, நகை, வங்கிக் கணக்கு எல்லாம் யாருக்கு என்று எழுதி வைக்கிறோம். பூனைக்குத் தினமும் யார் சோறு வைப்பார்கள், எந்த நேரத்தில் வைப்பார்கள் என்பதையும் பிள்ளைகளில் ஒருவரிடமாவது இப்போதே பேசி வையுங்கள். எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.